கையுறை அம்மாளின் தோல்

பிற்பகல் இரண்டு மணிக்கு வேன் அந்த வீட்டின் முன்னால் நின்றது.

"இரும்பு கேட், பச்சை ஜன்னல், வாசல்ல காய்ஞ்சுபோன ரோஜாச் செடி. போன்ல சொன்ன அடையாளமெல்லாம் சரியா இருக்கு, தோலக்கா" என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் பெயர். தோல் வங்கியின் டெக்னீஷியன். இறந்தவர்களின் உடலிலிருந்து தோலைக் காகிதத்தைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவி எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, தீக்காயக்காரர்களின் புண்ணுக்குப் போர்வையாகக் கொடுக்கும் வேலை. பதினான்கு வருஷமாகச் செய்கிறாள். உறவுக்காரர்கள் போன் செய்தால், உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். இந்த வீட்டு அம்மாளுக்குக் காலை பதினோரு மணிக்கு உயிர் போயிருந்தது.

வழக்கமாக இப்படி வரும்போது அவள் மெதுவாகத்தான் இறங்குவாள். துக்க வீட்டில் அவசரம் காட்டக்கூடாது என்பது அவளுடைய கொள்கை. இன்று வேன் நிற்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டாள்.

காரணம், தீக்காய வார்டில் மூன்றாம் நம்பர் கட்டிலில் அவளுடைய தம்பி கிடந்தான்.

சலவைத் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து மார்பும் வயிறும் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. தோல் என்பது அழகுக்கு ஒட்டிய காகிதம் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. உடம்பின் தண்ணீர் வெளியே ஓடாமல் தடுப்பது அது. வெளியே திரியும் கிருமி உள்ளே வராமல் தடுப்பதும் அது. குளிரில் சூட்டைப் பிடித்து வைக்கும்; வெயிலில் வியர்த்து ஆற்றும். அந்தச் சுவர் இடிந்துவிட்டால் மனுஷன் மூடியில்லாத பாத்திரம். தம்பி ஐந்து நாளாக அப்படித்தான் வற்றிக்கொண்டிருந்தான். போன வாரம் ஒரு பட்டறைத் தீ விபத்து குளிர்ப்பெட்டியைக் காலி செய்துவிட்டிருந்தது.

"நாலு நாள்ல தோல் கிடைக்கலைன்னா, என்னைக் கேக்காதீங்க" என்று பெரிய டாக்டர் கைவிரித்திருந்தார். அது முந்தாநாள்.

கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மருமகள். முகத்தில் துக்கத்தின் சாயலே இல்லை. நீண்ட நாள் குத்தகைக்குப் போன வீடு கைக்கு வந்ததுபோல ஒரு நிம்மதி.

"வாங்க வாங்க. உள்ள படுக்க வச்சிருக்கேன். எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க. முழுசா வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"அவ்வளவு தேவைப்படாதும்மா. உங்களுக்கு இவங்க...?"

"மாமியார். என் புருஷன் போய் நாலு வருஷம் ஆச்சு. இந்தம்மாவுக்கு நான், எனக்கு இந்தம்மான்னு மாட்டிக்கிட்டோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் கொடுத்த தண்ணி டம்ளரை என் கையிலேர்ந்து வாங்கியிருப்பாங்களா? மேஜைல வச்சுட்டு நான் நகர்ந்தாத்தான் எடுப்பாங்க. விரல் பட்டுட்டா சோப்புப் போட்டுக் கழுவுவாங்க. தெருவே கையுறை அம்மான்னுதான் சொல்லும். இப்ப வந்து கழுவட்டும், பாக்கறேன்!"

படிவத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை ஒரு தட்டுத் தட்டி நீட்டினாள்.

உள் அறைக்குப் போகும் நடையில் ஒருத்தி நின்றிருந்தாள். அந்த வீட்டுச் சமையல்காரம்மா. அழுது அழுது கண் தடித்திருந்தது. மருமகளின் தலை மறைந்ததும் கிசுகிசுத்தாள்.

"அம்மா வேண்டாம்னாங்க."

"எதை?"

"செத்த பிறகும் என் மேல யார் கையும் படக்கூடாது, குளிப்பாட்டக்கூட கூடாது, உடுத்தின துணியோடயே எடுத்துடணும்னு போன மாசம்தான் சொன்னாங்க. சின்னம்மா காதுலயும் விழுந்துச்சு. அவங்க வேணும்னே பண்றாங்க. நீங்க திரும்பிப் போயிடுங்கம்மா."

தோலக்காவுக்கு ஒரு நொடி கால் நின்றது. வேறு நாளாக இருந்தால், சந்தேகத்துக்கு இடமிருக்கிறது என்று சொல்லிப் பெட்டியை மூடியிருப்பாள். வங்கியின் விதியும் அதுதான். பதினான்கு வருஷத்தில் மூன்று முறை அப்படித் திரும்பியிருக்கிறாள்.

"எழுதி வச்சிருக்காங்களா?"

"அவங்க எதையும் எழுத மாட்டாங்க. சொன்னா சொன்னதுதான்."

"அப்ப உறவோட கையெழுத்துதான் செல்லும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

அறையில் பாச்சை உருண்டை வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. நெடுநாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது. ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கட்டிலில் எழுபது வயது அம்மாள் ஒருத்தி நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். முழங்கை வரை வெள்ளைப் பருத்திக் கையுறை.

டிரைவர் இந்த வேலையில் அவளுக்குக் கையாளும்கூட. ஐம்பது வயது. பேச்சில்லாமல் அவரால் ஒரு நிமிஷம் இருக்க முடியாது. "அக்கா, எலியிலேர்ந்து யானை வரைக்கும் தோல் ஒரே மாதிரி கட்டடம்தான்னு நீங்க சொன்னீங்களே, நேத்து வீட்ல அதைச் சொன்னேன். என் சம்சாரம், உங்க தோல் மட்டும் எருமைத் தோல்னு சொல்லிட்டா" என்றபடியே கருவிகளை அடுக்கினார்.

ஒரே மாதிரி கட்டடம்தான். மேல்மாடியில் செத்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கியிருக்கும். கீழ்மாடியில்தான் குடித்தனம்: ரத்தக் குழாய், நரம்பு, மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி. அதற்கும் கீழே கொழுப்புக் கிடங்கு. தோலக்கா சீவி எடுப்பது மேல்மாடியையும் கீழ்மாடியின் கூரையையும் மட்டும். மயிரின் வேர், வியர்வையின் ஊற்று, தொட்டால் உணரும் நரம்பு எல்லாம் உடலோடு தங்கிவிடும். உடலோடு எரிந்தும் போய்விடும்.

கையுறைகளைக் கழற்றினாள்.

உள்ளே இருந்த கைகளைக் குனிந்து பார்த்தாள். வெயில் படாத, கீறல் இல்லாத, ஒரு மச்சம்கூட இல்லாத தோல். எழுபது வயதில் இருபது வயதுக் கை. இத்தனை நல்ல தோலை அவள் தொழிலில் பார்த்ததே இல்லை.

தொடையிலும் முதுகிலும் சீவி முடித்தாள். கருவி தேனீபோல ரீங்கரித்தது. ஏடு ஏடாக வந்தது. தட்டில் போட்டு எண்ணிப் பார்த்தாள். தம்பியின் வயிற்றுக்கும் கைகளுக்கும் போதும். மார்புக்குப் போதாது.

அவள் பார்வை கைகளின்மேல் விழுந்தது.

"கை வேண்டாமே அக்கா" என்றார் டிரைவர். "நாம எப்பவும் கை எடுக்கறதில்லையே. வெளிய தெரியும்."

"கையுறை போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"அதுக்கில்ல..."

"என் தம்பிக்குத் தோலை நான் எங்க போய் வாங்கறது? கடையிலயா? தட்டைப் பிடிங்க."

அவள் இறந்தவளின் முன்கையில் தன் கையை வைத்தாள்.

சிலிர்த்தது.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நாயைக் கண்ட பூனையின் முதுகுபோல, ஒவ்வொரு மயிர்க்காலும் புடைத்து எழுந்தது.

"அக்கா... இந்தம்மாவுக்குக் குளிருதா?" டிரைவரின் குரல் உள்ளே போய்விட்டிருந்தது.

"செத்து மூணு மணி நேரம் ஆச்சுல்ல. ஒவ்வொரு மயிர் அடியிலயும் ஒரு குட்டித் தசை இருக்கும். உடம்பு விறைக்கும்போது அதுவும் விறைக்கும். அதனால சிலிர்த்த மாதிரி தெரியும். இது எல்லாப் பொணத்துலயும் நடக்கறதுதான்."

அது உண்மை. பாடப் புத்தகத்தில் உள்ள உண்மை. தெரியாத ஒருத்தி அந்த இடத்தில் இருந்திருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்பாள். தோலக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஓடவில்லை.

கையை எடுத்தாள்.

சிலிர்ப்பு அடங்கியது.

விறைத்த தசை விறைத்தபடிதான் இருக்கும், அடங்காது. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்க்க அன்று அவளுக்கு நேரமில்லை. கருவியை எடுத்தாள்.

இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை உரித்து, விரல் நுனி வரை கட்டுப் போட்டு, கையுறையை மாட்டி, சுற்றி மூடிவிட்டு வெளியே வந்தபோது சமையல்காரம்மா நடையிலேயே நின்றிருந்தாள். தோலக்கா கடந்து போகும்போது சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டாள், தொற்றுநோய்க்காரிக்கு வழி விடுவதுபோல.

மூன்றாம் நாள் தம்பிக்கு ஆபரேஷன் நடந்தது. ரத்தப் பரிசோதனை, கிருமிப் பரிசோதனை எல்லாம் சுத்தமாக வந்திருந்தன. வயிற்றுக்குத் தொடைத் தோல், அவன் கைகளுக்கு முதுகுத் தோல், மார்புக்கு அந்தக் கைகளின் தோல். வைத்த இடத்தில் அப்படியே பொருந்திக்கொண்டது. "அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கே!" என்று பெரிய டாக்டரே வியந்தார். கைத் தோலில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அதைத் தட்டில் பரப்பி, வங்கியின் குளிர்ப்பெட்டியில் வைத்தாள்.

இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. தம்பி கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது" என்றான். தம்பி மனைவி ஓவென்று அழுதாள். "அண்ணி, நீங்க இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று தோலக்காவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் புருஷன் பக்கம் குனிந்து, கட்டு விலகியிருந்த இடத்தில், மார்பின் ஓரத்தில், ஒரு விரலால் மெல்லத் தொட்டாள்.

"கையை எடு."

தம்பியின் குரல்தான். ஆனால் கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அந்த மனிதன் மனைவியிடம் அப்படி ஒரு தொனியில் பேசியதே இல்லை. வேலைக்காரியை அதட்டும் தொனி.

தோலக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மார்பைப் பார்த்தாள்.

ஒட்டிய தோல் சிலிர்த்திருந்தது.

சுற்றியிருந்த அவனுடைய சொந்தத் தோல் வழவழவென்று அமைதியாக இருந்தது. ஒட்டிய பகுதி மட்டும், கோடு கிழித்ததுபோல, முள் முள்ளாய் எழுந்து நின்றது.

இம்முறை பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. சிலிர்க்க வைக்கும் தசை இந்த ஏட்டில் கிடையாது. மயிரின் வேரும் கிடையாது. தொட்டதை உணர நரம்பும் கிடையாது. அவை இருந்த உடம்பு ஐந்து நாளைக்கு முன்னாலேயே சாம்பலாகிவிட்டது.

அன்றிலிருந்து வார்டு மாறிப்போனது.

கட்டு மாற்றும் நேரம் வந்தால் தம்பிக்கு மூச்சு இழுக்கும். நர்ஸ் கை வைத்ததும் மார்புத் தோல் சுருங்கும். துணி பிழிவதுபோல உள்நோக்கி இறுக்கும். விலா எலும்புகள் விரிய இடமில்லாமல் உதடு நீலமாகும். கையை எடுத்து இரண்டு அடி தள்ளி நின்றால் மெல்லத் தளரும். முதல் நாள் அரை நிமிஷம் இறுகியது. மூன்றாம் நாள் நாலு நிமிஷம்.

வார்டு சிஸ்டர் வாய் நீளமானவள். ஆனால் இருபது வருஷம் தீக்காயத்தோடே குடித்தனம் நடத்தியவள். அவள் தோலக்காவை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்க தம்பிக்கு என்னத்தைக் கொண்டாந்து ஒட்டினீங்க?"

"தோலைத்தான் சிஸ்டர். வேறென்ன?"

"எனக்குத் தோல் கதை சொல்லாதீங்க. எத்தனை ஒட்டு பாத்திருப்பேன்! பிடிக்கும், இல்ல அழுகும். ஆள் கிட்ட வந்தா முறுக்கிக்கற தோலை நான் பாத்ததில்ல. நேத்து என்ன கேட்டான் தெரியுமா, கண்ணை மூடிக்கிட்டு? 'யார் என் கையை உரிச்சது?'னு கேட்டான்."

"கை வெந்துபோயிருக்குல்ல. வலியில..."

"'அவ பேரைச் சொல்லு'ன்னான், தோலக்கா. நான் சொல்லல. சொல்லியிருக்கணுமா?"

தோலக்காவால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நேரே வங்கிக்குப் போனாள்.

காலை பதினோரு மணி. அறை முழுக்க வெள்ளை விளக்கு. குளிர்ப்பெட்டி வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது. திறந்தாள். மிச்சத் தோல் இருந்த தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான்கு ஏடுகள். தட்டின் நடுவில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அவளே பரப்பி வைத்திருந்தாள்.

இப்போது நான்கும் தட்டின் மறு ஓரத்தில் ஒட்டிக் கிடந்தன.

தூக்கும்போது சரிந்திருக்கும் என்று நினைத்தாள். தட்டைச் சுற்றி மறுபக்கம் போனாள்.

இடுக்கியை நீட்டினாள்.

முதல் ஏட்டின் ஓரம் மெல்லச் சுருண்டது.

அவள் அசையவில்லை. இடுக்கியும் அசையவில்லை.

நான்கு ஏடுகளும், அவசரமே இல்லாமல், அருவருப்போடு, அவளைவிட்டு விலகித் தட்டின் எதிர் விளிம்புக்கு நகர்ந்தன.

தட்டின் கண்ணாடியில் அவை போன வழியெங்கும் பொடிப்பொடியாக நீர்த்துளி. விரலால் தொட்டு நாக்கில் வைக்கவேண்டிய அவசியம் இல்லை. வாசனையே சொன்னது.

வியர்வை. அதோடு பாச்சை உருண்டை.

அன்று மாலை அந்த வீட்டு மருமகளுக்குப் போன் செய்தாள்.

"உங்க மாமியாரைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்மா."

"ஏன், தோலைத் திருப்பிக் கொடுக்கப்போறீங்களா? எங்களுக்கு வேண்டாம். வச்சுக்குங்க."

"அவங்க எதுக்காக யாரையும் தொடவிட மாட்டாங்க?"

"எனக்கென்ன தெரியும்? அவங்களுக்கே தெரியுமோ என்னவோ. சின்ன வயசுலேர்ந்தே அப்படியாம். பெத்த பிள்ளைக்குப் பால் கொடுத்ததில்ல. ஒரு நாள்கூட. குழந்தை பட்டா உடம்பு எரியுதுன்னு, இன்னொருத்தியை வச்சுத்தான் வளர்த்தாங்களாம். என் புருஷன் சாகறப்பக்கூட அம்மா கையைக் கேட்டாரு. கதவுக்கிட்டயே நின்னுட்டாங்க." பிறகு, குரலில் இருந்த எகத்தாளம் வடிந்து, "அங்க ஏதாவது ஆச்சா?" என்றாள்.

"என் தம்பிக்கு வச்சிருக்கோம்."

"கடவுளே. நான் சும்மா ஒரு கோபத்துல..." போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

மறுநாள் யாரும் தொடாமலே தம்பியின் மார்பு இறுகியது. போர்வை பட்டதுகூட அதற்குப் பொறுக்கவில்லை. பெரிய டாக்டர் பேய் பிசாசெல்லாம் நம்புகிறவர் இல்லை. "ஏதோ விநோதமான சுருக்கம். எடுத்தே ஆகணும்" என்று முடிவு கட்டினார். "எடுத்தா அந்த இடம் மறுபடி திறந்த புண். மூட வேற தோல் இல்லையே?"

"என்னோடதை எடுங்க" என்றாள் தோலக்கா. "உயிரோட இருக்கறவங்ககிட்ட எடுக்கறதில்லைன்னு அன்னைக்கு மறுத்தீங்க, இப்ப வேற வழியில்ல. தொடையிலேர்ந்து எடுங்க. கூடப்பிறந்தவ தோல். மூணு வாரமாவது தாங்கும்ல? அதுக்குள்ள அவனோட சொந்தத் தோல்லயே எடுத்து ஒட்டிக்கலாம்."

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை போட்டார்கள். அவளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்தார்கள். விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். தேனீ ரீங்காரம் கேட்டது. அத்தனை வருஷம் கேட்ட சத்தம். இன்று தன் தொடையின்மேல்.

பிறகு பெரிய டாக்டர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"ஓரம் பிரியுது... இல்ல. பிரியல. ஏன் வர மாட்டேங்குது? ஒட்டி எட்டு நாள்தானே ஆச்சு?"

இடுக்கி தோலைப் பற்றிய சத்தம் கேட்டது. அடுத்த கணமே மயக்க டாக்டர் கத்தினார்.

"விடுங்க, விடுங்க! காத்து உள்ள போகல. மூச்சுப் பையை அமுக்கவே முடியல!"

"நான் விட்டுட்டேன்யா!"

"இன்னும் இறுகுது!"

இயந்திரம் கூவத் தொடங்கியது. சிஸ்டர் ஓடிவந்தாள். கத்தியை வைத்துக் குறுக்கே கீறப் பார்த்தார்கள். கத்தி வழுக்கியது. தோலக்கா கழுத்தைத் திருப்பினாள். ஒரு கை தூரத்தில் தம்பியின் மார்பு. அதன்மேல், இருபது வயதுக்காரியின் வழவழப்போடு, அந்தத் தோல். கயிறு திரிப்பதுபோலத் திரிந்து, அவன் எலும்புக்கூட்டை அமுக்கிக்கொண்டிருந்தது.

கூவல் ஒரே கோடாக நீண்டது.

அவள் தன் கையை நீட்டினாள். கையுறை இல்லாத கை. அவன் மார்பின் நடுவே உள்ளங்கை முழுதும் பதியும்படி வைத்தாள்.

பனிக்கட்டியில் வைத்ததுபோல இருந்தது. அடியில் ஆயிரம் முட்கள் எழுந்து அவள் கையைக் குத்தின.

"நான்தான்" என்று கிசுகிசுத்தாள். "நான்தான் உரிச்சேன். நீங்க வேண்டாம்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. விழுந்தும்தான் எடுத்தேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. இவனை விட்டுடுங்க."

இறுக்கம் குறையவில்லை.

"வேற உடம்பு வேணும்னா... இந்தா இருக்கு. வாங்க."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, அவள் உள்ளங்கையின் கீழே, முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஏதோ ஒன்று, குளிர்ந்ததும் உலர்ந்ததுமான ஒன்று, அவள் விரல் இடுக்குகள் வழியாக மணிக்கட்டுக்கு ஏறியது. கையுறை மாட்டிக்கொள்வதுபோல. அங்கிருந்து முழங்கைக்கு. தோளுக்கு.

"வந்துடுச்சு!" என்றார் பெரிய டாக்டர். ஈரக் காகிதம் கண்ணாடியிலிருந்து உரிவதுபோல் முழுத் தோலும் ஒரே ஏடாகக் கழன்று வந்தது. மயக்க டாக்டரின் பை புஸ்ஸென்று அமுங்கியது. தம்பியின் மார்பு உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

சிஸ்டர் மட்டும் தம்பியைப் பார்க்கவில்லை. தோலக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அக்காவின் தோல் மூன்று வாரம் தாங்கியது. அதற்குள் அவனுடைய சொந்தத் தோல் தேறிவிட்டது. ஒன்றரை மாதத்தில் எழுந்து நடந்தான். வீட்டுக்குப் போகும் நாளில் வடு விழுந்த இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "அக்கா..." என்று கண் கலங்க வந்தான். அவளைத் தாயாக நினைத்து வளர்ந்தவன்.

தோலக்கா இரண்டு எட்டுப் பின்னால் வைத்தாள். "கையெல்லாம் மருந்து, இப்ப வேண்டாம்டா" என்றாள். கையில் மருந்து இல்லை. அவன் முகம் வாடுவதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் கால் முன்னால் போகவில்லை. தம்பி மனைவி அவனைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் புது ஏற்பாடு வந்தது. ஊழியர் எல்லாரும் இனி கைரேகை வைத்துத்தான் வேலைக்கு வர வேண்டும். தோலக்கா வரிசையின் கடைசியில், முன்னால் நின்றவரிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, முறை வந்ததும் கண்ணாடியில் விரலை வைத்தாள்.

கம்ப்யூட்டர்காரர் புருவத்தைச் சுருக்கினார்.

"தோலக்கா, உங்க ரேகை ஏற்கெனவே பதிவாகியிருக்குன்னு சொல்லுது."

"நான் இப்பதானே வைக்கறேன்."

"ஊழியர் பட்டியல்ல இல்ல. நோயாளி பட்டியல்ல." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கண் பிரிவுல. யாரோ வயசான அம்மா. கீழ ஒரு குறிப்பு வேற போட்டு வச்சிருக்காங்க. 'விரலைத் தானே வைத்தார். பரிசோதனைக்குத் தொடும் முன் எழுந்து போய்விட்டார்.' அட, இன்னொண்ணும் இருக்கு. இறந்துட்டாங்கன்னு குறிச்சிருக்கு." அவர் சிரித்தார். "பத்து விரலையும் வச்சுப் பாருங்க."

வைத்தாள். பத்து முறையும் அந்தக் கையுறை அம்மாளின் முகமே திரையில் வந்தது. உதட்டை இறுக்கி, கேமராவை முறைக்கும் முகம்.

அந்த அம்மாளின் விரல்களிலிருந்து அவள் தோல் எடுக்கவே இல்லை. விரல் நுனி வரை கட்டுப் போட்டு அப்படியேதான் மூடினாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு. நீங்க சரியா அழுத்தல போல" என்றபடி கம்ப்யூட்டர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "விரலைக் குடுங்க, நான் பிடிச்சு அழுத்தறேன்."

அவர் கை மேஜையைத் தாண்டி வந்தது.

கண்ணாடியின்மேல் இருந்த அவளுடைய ஐந்து விரல்களும், அவள் மடக்காமலே, ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின.